‘மூணு தடவை, டீச்சர்!’

மதிய உணவுக்குப் பின் வரும் முதல் பாடவேளை எப்படி இருக்கும் என்று ஆசிரிய நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாதிப் பேருக்குத் தூக்கம், மீதிப் பேருக்குப் பேச்சு. நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வேளையில், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் புத்தகத்தைத் திறக்காமல் சன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தான். திறக்கச் சொன்னேன். மறுபடி சொன்னேன். மூன்றாவது முறையும் சொல்லிவிட்டு, “உனக்கு எத்தனை தடவை சொல்றது?” என்று குரலை உயர்த்தினேன்.

அவன் எழுந்து நின்று, “மூணு தடவை, டீச்சர்” என்றான்.

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். எனக்கு முகம் சிவந்துவிட்டது. “வெளியே போ” என்றேன்.

நம் பள்ளிகளில் ‘வெளியே போ’ என்றால் தாழ்வாரத்தில் போய் நில் என்று பொருள். அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லாக் குழந்தைக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் புத்தகத்தைப் பைக்குள் வைத்தான், பையின் ஜிப்பை இழுத்து மூடினான், செருப்பை மாட்டிக்கொண்டு போனான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது தாழ்வாரத்தில் ஆள் இல்லை. பள்ளி வளாகத்திலேயே இல்லை.

நான்கு பேர் நான்கு பக்கம் ஓடினோம். அவன் கண்மாய்ப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சத்துணவு அம்மா சொன்னார். அது ஐப்பசி, கண்மாயில் தண்ணீர் நிறைந்திருந்தது. அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. கடைசியில் கரையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ஏன் போனாய் என்று தலைமையாசிரியர் கேட்டார். “டீச்சர் போகச் சொன்னாங்க” என்றான். அவன் சொன்னது உண்மை. ஆனால் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னான். ‘திமிரைப் பாருங்க சார்’ என்று நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு ஒன்பது வேலை நாட்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவனுடைய அப்பத்தா ஒரு நாள் வந்து, “டீச்சர் திரும்ப வரச் சொல்லலையாம், அதனால வர மாட்டேங்கிறான்” என்றார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

நான் பேசியவற்றை எழுதிப் பார்த்தேன்

வட்டார வள மையத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் சிறப்புப் பயிற்றுநரிடம் இதைப் புகாராகத்தான் சொன்னேன். அவர் மாணவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “நீங்க அன்னைக்கு என்னென்ன சொன்னீங்க, வார்த்தை மாறாம சொல்லுங்க டீச்சர்” என்றார். சொன்னேன். “இதுல நீங்க சொன்னதுல எதை அவன் செய்யலை?” என்று கேட்டார். யோசித்தால், புத்தகத்தைத் திறக்காதது ஒன்றுதான். கேள்வி கேட்டேன், பதில் சொன்னான். போகச் சொன்னேன், போனான்.

பிறகு அவர் ஒரு வேலை கொடுத்தார். ஒரு நாள் முழுக்க வகுப்பில் நான் பேசும் வாக்கியங்களை, பாடம் நீங்கலாக, ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொன்னார். ஒரு பெரிய பெண்ணை, எட்டாம் வகுப்பு மாணவியை, பின் பெஞ்சில் உட்கார வைத்து எழுதச் சொன்னேன். மாலையில் அதைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. “இங்க என்ன சந்தைக் கடையா?”, “காது எங்க இருக்கு?”, “வீட்டுல சாப்பிடுறதில்லையா, சத்தமா படி”, “இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டு அரட்டை அடி”, “எழுதாம இரு, உங்க அப்பாவைக் கூப்பிடுறேன்”, “ரொம்ப நல்லா இருக்கு!” கடைசியாகச் சொன்னது கிறுக்கலான ஒரு கையெழுத்தைப் பார்த்து. கட்டளை என்று நான் நினைத்தவற்றில் பாதிக்கு மேல் கேள்விகள். பாராட்டு என்று எழுதப்பட்டிருந்தவற்றில் சில வசவுகள். ‘இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டு அரட்டை அடி’ என்பதை ஒரு குழந்தை அப்படியே செய்திருந்தால் அதையும் திமிர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நம் பேச்சு வழக்கே இப்படித்தான். விடைபெறும்போது ‘போறேன்’ என்று சொல்ல மாட்டோம், ‘வரேன்’ என்போம். ‘சாப்டீங்களா’ என்று கேட்பவருக்குச் சாப்பாட்டு விவரம் தேவையில்லை. விருந்துக்குப் போனால் முதலில் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும், இரண்டாவது முறை கேட்டால்தான் வாங்க வேண்டும். திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார்: பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. அரசவையிலும் சரி, காதலிலும் சரி, சொல்லாததை முகம் பார்த்து அறிவதை நம் மரபு அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டுக்கென்று தனி இயலே கொண்டது. இருபது ஆண்டுகளாக இவற்றைப் பாடம் நடத்துபவள் நான். சொல்லாததை அறிய முடியாத ஒரு குழந்தை என் வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. அதே பருவத்தில் மரபுத்தொடர்கள் நடத்தினேன். கம்பி நீட்டுதல், முதலைக் கண்ணீர், ஆகாயத்தாமரை, ஆறப்போடுதல். அந்தத் தேர்வில் அவன் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. உருவகம் அவனுக்குப் புரியாதது அல்ல. ‘இங்கே சொல்லும் பொருளும் வேறு வேறு’ என்று பாடநூல் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. நான் அறிவிப்பதில்லை. அவனுக்குச் சிக்கல் அங்கேதான் இருந்தது.

படிவத்தில் இருக்கும் பெயர்

சிறப்புப் பயிற்றுநரின் பரிந்துரையின் பேரில் மருத்துவ முகாமில் அவன் மதிப்பீடு செய்யப்பட்டான். ஆட்டிசம் என்று முடிவானது. நம் அரசுப் படிவங்களில் இதற்கு ‘புறஉலகச் சிந்தனையற்ற நிலை’ என்று பெயர்; சில நூல்களில் ‘மதியிறுக்கம்’ என்கிறார்கள். இரண்டு சொல்லும் எனக்கு உவப்பாக இல்லை. எங்கள் ஊர் வழியாகப் போகும் எல்லாப் பேருந்துகளின் நேரத்தையும், எந்த வண்டி ஆலங்குடியில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதையும் ஒப்பிப்பவனைப் புறஉலகச் சிந்தனை அற்றவன் என்று எப்படிச் சொல்வது? ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஆட்டிசமும் உண்டு. 2021ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, உலக அளவில் 127 பேரில் ஒருவர் என்கிறது. முந்நூறு பேர் படிக்கும் பள்ளியில் இரண்டு பேராவது இருக்கக்கூடும். அடையாளம் காணப்படாமல், ‘மந்தம்’, ‘வாய்த்துடுக்கு’, ‘அமுக்குணி’ என்ற பெயர்களோடு இருப்பார்கள். பெண் குழந்தைகள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடித்துப் பழகிக்கொள்வதால் இன்னும் எளிதாகத் தவறிவிடுகிறார்கள்.

இந்தியாவில் மதிப்பீட்டுக்குப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் நாற்பது கூறுகள் உள்ளன. முதல் கூறே கண்ணைப் பார்ப்பது பற்றியது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு குழப்பம். நம் ஊரில் பெரியவர் பேசும்போது பிள்ளை தலை குனிந்து நிற்பதுதானே மரியாதை? ஏறிட்டுப் பார்த்தால் ‘என்ன மொறைக்கிறே’ என்போம். குனிந்தால் ‘என் மூஞ்சியைப் பார்த்துப் பேசு’ என்போம். எப்போது பார்க்க வேண்டும், எப்போது பார்க்கக் கூடாது, எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதற்கு எங்கும் எழுதி வைத்த விதி கிடையாது. மற்ற பிள்ளைகள் எப்படியோ பிடித்துக்கொள்கிறார்கள். அவனிடம் கேட்டேன். “மூஞ்சியப் பார்த்தா நீங்க பேசுறது கேக்காது டீச்சர்” என்றான். அன்றிலிருந்து சன்னல் கம்பியைப் பார்க்க அவனுக்கு அனுமதி உண்டு. அவன் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் நடத்திய பாடங்களில்தான் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறான்.

யாருக்குக் குறிப்பு புரியவில்லை?

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்ற கருத்து வலுப்பெற்றது 1985இல். சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃபிரித் ஆகிய மூவரும் லண்டனில் ஒரு பொம்மைக் கதையைக் குழந்தைகளுக்கு நடித்துக் காட்டினார்கள். சாலி என்ற பொம்மை ஒரு கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றி வைக்கிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடும்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் ‘பெட்டியில்’ என்றார்கள். தமக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது என்பதை அவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று ஆய்வாளர்கள் விளக்கினர். பி.எட். உளவியலில் நம்மில் சிலர் இதைப் படித்திருப்போம்.

2012இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் இதைத் திருப்பிப் போட்டார். அவரே ஆட்டிசம் உள்ளவர். புரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. இரண்டு வகையான மனிதர்கள் பேசும்போது இரு பக்கமும் புரியாமல் போகிறது, ஆனால் பழி ஒருவர் மீது மட்டும் விழுகிறது என்றார். அதற்கு ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்று பெயர் வைத்தார். 2017இல் அமெரிக்காவில் நோவா சாசன் குழுவினர் செய்த ஆய்வு இன்னும் சுருக்கென்று தைப்பது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில நொடிக் காட்சியைப் பார்த்தவர்கள், இவரோடு பழக விருப்பமில்லை என்று சட்டென்று முடிவு செய்தார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களுக்கு அந்த ஒவ்வாமை வரவில்லை. என் மாணவன் சொன்ன ‘டீச்சர் போகச் சொன்னாங்க’ என்பதை நான் காகிதத்தில் படித்திருந்தால் திமிர் என்று சொல்லியிருப்பேனா?

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, நாம் வகுப்பில் விளையாடும் காதோடு காதாகச் சொல்லும் விளையாட்டைப் போன்றது. எட்டு எட்டுப் பேராகச் சங்கிலி அமைத்து ஒரு கதையைக் கடத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த சங்கிலி, இல்லாதவர்கள் மட்டும் இருந்த சங்கிலிக்குக் குறையாமல் கதையைக் கொண்டு சேர்த்தது. இரு சாராரும் கலந்த சங்கிலியில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன. இதே குழுவினர் 300க்கும் மேற்பட்டோரை வைத்து மறுபடியும் செய்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், கலப்புச் சங்கிலியும் மற்றவற்றுக்குச் சமமாகவே வந்தது. ஆகவே இந்த விஷயம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று வகைச் சங்கிலிகளிலும் ஆட்டிசம் உள்ளவர்களால் செய்தியைக் கடத்த முடியாது என்று இரண்டு ஆய்வுமே சொல்லவில்லை.

அவனுடைய சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயம் வந்தால் அவன் சிரிப்பான். அப்பத்தாவுக்கு இது தெரியும், தாய்க்குத் தெரியும். அவன் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பக்கத்து ஊர் தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கும் தெரிந்திருந்தது. ஒரு குறுவள மையக் கூட்டத்தில் தற்செயலாக அவரைச் சந்தித்தபோது, “அவனா? பாவம், பயந்தா சிரிப்பான். எதையும் நேரா சொன்னா போதும், கச்சிதமா செய்வான்” என்றார். ஐந்து ஆண்டுகள் ஓர் ஆசிரியை கவனித்துச் சேர்த்த அறிவு, மூன்று கிலோமீட்டர் தாண்டி என்னிடம் வரவே இல்லை. மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்களை எழுத இடம் இருக்கிறது; இதற்கு இடம் இல்லை.

செய்ததும் தவறாகச் செய்ததும்

ஆர்வக்கோளாறில் முதலில் நான் செய்தது தவறு. முகபாவனை அட்டைகள் தயாரித்தேன். கோபம், வருத்தம், மகிழ்ச்சி, வியப்பு. மூன்று வாரத்தில் எல்லா அட்டையையும் சரியாகச் சொன்னான். மைதானத்தில் ஒன்றும் மாறவில்லை. அட்டையில் இருக்கும் முகம் அசையாது. மனித முகம் ஒரு நொடி நிற்காது. தினமும் கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லப் பயிற்சி கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் இரண்டு மணி நேரம் பேசாமல் படுத்துக்கொள்கிறான் என்று அவன் அம்மா சொன்னார். சிறப்புப் பயிற்றுநர் என்னைத் தடுத்தார். “அவன் ஏற்கெனவே நாள் பூரா நம்ம மொழியை மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கான் டீச்சர். நீங்க கொஞ்சம் அவன் மொழியில பேசிப் பாருங்களேன்.”

அதன் பிறகுதான் என் பேச்சை மாற்றினேன். ‘சத்தம் போடாதே’ என்பதற்குப் பதில் ‘பக்கம் 42ஐ மனசுக்குள் படி’. ‘வெளியே போ’ என்ற சொல்லே என் வகுப்பில் இல்லை. கிண்டலாகச் சொன்னால், ‘இது கிண்டல்’ என்று சேர்த்துச் சொல்கிறேன். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடியாக்கினாலே விடைகள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்று காட்டினார். இவனுக்குப் பத்து நொடி தேவைப்பட்டது. அந்தப் பத்து நொடி மற்ற பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. வாயே திறக்காத இரண்டு பெண்கள் பேசத் தொடங்கினார்கள்.

விளையாட்டு விழா, சுற்றுலா போன்ற புது நிகழ்ச்சிகளுக்கு முன் அவனுக்குச் சிறு குறிப்பு எழுதித் தருவோம். கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1991 முதல் பரப்பிய ‘சமூகக் கதை’ முறைதான் அது. உதாரணம்: ‘நாளை விளையாட்டு விழா. ஒலிபெருக்கி சத்தமாக இருக்கும். சத்தம் அதிகமாக இருந்தால் நான் நூலக அறைக்குப் போகலாம். போகும் முன் டீச்சரிடம் சொல்ல வேண்டும். தோற்றவர்கள் சிலர் அழுவார்கள். அவர்களிடம் நீ ஏன் தோற்றாய் என்று இன்று கேட்க வேண்டாம்.’ இதை எழுத ஐந்து நிமிடம்தான் ஆகும்.

எங்களுக்கெல்லாம் முன்பே இதைச் செய்துகொண்டிருந்தவன் ஒருவன் உண்டு. அவன் பக்கத்தில் உட்காரும் மாணவன். ‘டீச்சர் சும்மா சொல்றாங்கடா’, ‘இப்ப நெசமா கோபமா இருக்காங்கடா’ என்று கிசுகிசுத்துக்கொண்டே இருப்பான். வகுப்பில் பேசுகிறான் என்று அவனைப் பலமுறை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளும் அப்படி இல்லை. இரண்டு பேர் அவனை அனுப்பி, ஓர் ஆசிரியரிடம் அவரது பட்டப்பெயரைச் சொல்ல வைத்தார்கள். நட்புக்காகக் கேட்கிறார்கள் என்று நம்பிச் சொன்னான், தண்டனையும் வாங்கினான். சொன்னதைச் செய்யும் குழந்தையை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பெண் குழந்தை என்றால் இந்த ஆபத்தின் அளவை நான் எழுத வேண்டியதில்லை. ‘யாராவது இதை யாரிடமும் சொல்லாதே என்றால், அதை அம்மாவிடமும் டீச்சரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும்’ என்று எழுதி அவன் நோட்டின் அட்டையில் ஒட்டினோம்.

அவனுடைய அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பு. பையன் மின்விசிறியைப் பார்ப்பான், ‘ம்’ என்பான், எழுந்து போய்விடுவான். என் பிள்ளைக்கு என் மேல் பாசம் இல்லை, தூரமாகப் போய்விட்டேன் என்று அவர் மனம் உடைந்திருக்கிறார். அவன் அம்மா இதைச் சொல்லி என் முன் அழுதார். படத்தை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசிப் பாருங்கள் என்றோம். முதல் நாளே அப்பாவிடம் இருபது நிமிடம் பேசினான், முழுக்கப் பேருந்துகளைப் பற்றி. அடுத்த வாரம் சிங்கப்பூர் பேருந்துகளின் எண்களைக் கேட்டிருக்கிறான். அவர் வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒவ்வொரு பேருந்து எண்ணாகக் குறித்து வைத்துச் சொல்கிறாராம்.

எல்லா ஆட்டிசக் குழந்தைகளும் இவனைப் போல் இருக்க மாட்டார்கள். பேச்சே வராத குழந்தைகள் உண்டு. கிண்டலை நன்றாகப் புரிந்துகொண்டு திருப்பிக் கிண்டல் செய்பவர்களும் உண்டு. நான் எழுதுவது எனக்குத் தெரிந்த ஒருவனைப் பற்றி.

எட்டாம் வகுப்பு முடித்து அவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது, அந்தத் தொடக்கப்பள்ளி ஆசிரியையின் அறிவு எனக்கு வராமல் போனது போல மீண்டும் நடக்கக் கூடாது என்று நினைத்தேன். அவன் அம்மாவின் சம்மதத்தோடு, அவனையும் உட்கார வைத்து, புதிய வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதினோம். பயந்தால் சிரிப்பான். சன்னலைப் பார்த்தால் கவனிக்கிறான் என்று பொருள். செய்ய வேண்டியதை நேராகச் சொல்லுங்கள். மாற்றம் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். கடைசி வரி அவன் சொன்னது: ‘கிண்டல் என்று சொல்லிவிட்டால் நானும் சிரிப்பேன்.’ அதை அப்படியே எழுதினேன். புதிய வகுப்பாசிரியர் அதை மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருப்பதாகப் பின்னர் தொலைபேசியில் சொன்னார்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று வாசல் வரை போய், பழக்க தோஷத்தில், “சரிப்பா, போயிட்டு வா” என்றேன்.

நின்றான். “எதுக்கு வரணும் டீச்சர்? டி.சி. வாங்கிட்டேனே?”

பத்து நொடி இந்த முறை எனக்குத் தேவைப்பட்டது. “ஆகஸ்ட் 15 அன்னைக்கு உங்க பள்ளிக்கூடத்துல கொடியேத்தி முடிச்சதும் இங்க வா. பத்து மணிக்கு. மிட்டாய் தரேன்” என்றேன்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வந்துவிட்டான்.